டெல்லாவின் வலது இருக்கை

டெல்லா ஹால்வர்சன் எங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாக இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். தேவாலய பெஞ்சு, பல் மருத்துவரின் வாசல் நாற்காலி, ஊர்க்கூட்டம், எங்கள் கொட்டகையில் கிடக்கும் கால் ஆடும் ஸ்டூல், எல்லா இடத்திலும் இதே கோலம்தான். பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் குளிரில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துத் தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினார். "குளிரு இல்ல தம்பி. தொடக் கூடாததைத் தொட்டுடுவேனோன்னு பயம்," என்றாள் டெல்லா. அந்த மனிதர் அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்காரவே இல்லை.

அவளுக்கு அரசாங்கத்தில் விமானப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வேலை. எங்கள் ஆற்றங்கரை ஊரிலிருந்து எந்தப் பக்கம் போவதற்கும் சாலை கிடையாது. அலாஸ்காவின் இந்த மூலையில் பால், தபால், பிரசவ வலி எடுத்த பெண், பல்வலிக்காரன் எல்லாமே சின்ன விமானத்தில்தான் போக வேண்டும், வர வேண்டும். அந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் வருஷா வருஷம் இன்ஸ்பெக்டரை வலது இருக்கையில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். வலது இருக்கைக்கு முன்னாலும் அதே ஸ்டியரிங், அதே மிதிகள் இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் கை வைத்துவிட்டால் அந்த விமானி தோற்றான் என்று அர்த்தம். ஆகவே கை வைக்கவே கூடாது. வாலிபம் முழுவதையும் விமானி உட்காரும் இடது இருக்கையில் கழித்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று பாருங்கள். கைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் தொழிலில் ஒருவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்போம்; பின்பக்கம் கனம் கூடினால் சின்ன விமானம் நிலை தடுமாறும். நான்தான் தராசுக்காரன், ரேடியோவும் என் பொறுப்பு. டெல்லா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, "தராசு" என்றுதான் கூப்பிடுவாள். எடையைச் சொல்லும்போது உண்மை பேசுகிறவர் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. குளிர்காலக் கோட்டும் பூட்ஸும் காற்றில் மிதக்கும் என்பது இவர்கள் எண்ணம். டெல்லா ஆளை ஒரு பார்வை பார்த்து மனசுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். இதே கண்ணோடுதான் கல்யாண வீட்டுக்கும் வருவாள். சமூகக் கூடத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பின்வரிசையில் போய் அடைந்துகொண்டபோது என் காதில் சொன்னாள்: "வால் பக்கம் கனம் ஜாஸ்தியாயிடுச்சு தராசு. கேக்கையும் அங்கயே வெட்டினாங்கன்னா கூடம் மூக்கைத் தூக்கிடும்."

இதெல்லாம் கூடப் பரவாயில்லை, குளிக்கப் போகும்போது அவள் செய்வதைத்தான் யாராலும் மறக்க முடியாது. நீராவிக் குளியல் அறையின் கதவைத் திறந்ததும் வாசலில் நின்று உரக்கச் சொல்வாள்: "இது தண்ணி. சக்கரம் மேல." பிறகுதான் உள்ளே காலை வைப்பாள். ஊர்ப் பிள்ளைகள் ஏரியில் குதிக்கும்போது இதையே கத்திக்கொண்டு குதிக்கிறார்கள். போன ஈஸ்டரில் பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரைக் கையில் அள்ளினார். கோயில் அமைதியாக இருந்த அந்த நேரத்தில் டெல்லா உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சிலிருந்து "சக்கரம் மேல" என்று முணுமுணுப்பு கேட்டது. பாதிரியாரே சிரித்துவிட்டார்.

ஆனால் அது சிரிப்பில் பிறந்த வழக்கம் அல்ல. எங்கள் விமானங்கள் தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். அடியில் படகு மாதிரி இரண்டு மிதவைகள், அந்த மிதவைகளுக்குள் மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். தரையில் இறங்கும்போது சக்கரம் கீழே இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது மேலே மடங்கியே இருக்க வேண்டும். மறந்துபோய்ச் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்கள், தண்ணீருக்கு அடியில். இரண்டு இடத்திலும் இறங்கத் தெரிந்த எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எங்கள் ஊர் விமானி ஹெர்மன் அப்படித்தான் போனான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நல்ல வெயில் நாளில், இதே லூன் ஏரியில். படகை எடுத்துக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தவள் டெல்லா. அன்றைக்குத் தண்ணீருக்குள் என்ன பார்த்தாள் என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அடுத்த வசந்தத்தில் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "பென்ஷன் வருது, முட்டிவலிக்கு வைத்தியம் இலவசம்," என்றாள். எல்லாரும் நம்பியதுபோல் தலையாட்டினோம்.

அவள் அந்தப் பக்கம் போனதில் அதிகமாகக் கோபப்பட்டவன் வாஸிலி எவான். அதற்கு முன்பு இருவரும் தொழிலில் கூட்டாளிகள். சொந்தமாக இரண்டு விமானம், ஒரு பழைய டிரக், தகரக் கொட்டகை ஒன்று, நான் ஒருவன், இவ்வளவுதான் கம்பெனி. அந்த நாட்களில் புருஷன் பெண்சாதி மாதிரி சண்டை போடுவார்கள். வாஸிலியின் நிஜப் பெண்சாதி லிடியாவிடம் யாரோ கோள் சொல்லப் போனபோது அவள், "போடட்டும், போடட்டும். அங்க கத்தித் தீர்த்தா வீட்டுக்கு வந்து பேசாம தூங்குறான்," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த டிரக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொட்டகையிலிருந்து ஓடுதளம் வரைக்கும் சாலை என்ற பெயரில் பள்ளங்கள். டெல்லாதான் ஓட்டுவாள்; எங்கள் ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் இருக்கை இடது பக்கம். இடது கையில் ஸ்டியரிங், வலது கையில் காப்பிக் கோப்பை. கோப்பையை வைக்க டிரக்கில் இடமில்லை, காப்பி இல்லாமல் அவளுக்கு விடியாது. அதனால் கியர் போடுவது வாஸிலியின் வேலை. அவள் காலால் மிதித்து "கிளட்ச்!" என்பாள், அவன் பக்கத்து இருக்கையிலிருந்து இடது கையால் கியரைத் தள்ளுவான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட கியர் கரகரத்ததில்லை. பின்னால் தபால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, உலர்ந்த சால்மன் துண்டை மென்றுகொண்டு, முன்னால் கேட்கும் அந்தச் சண்டையையும் சிரிப்பையும் கேட்டபடி போன காலை நேரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனத்துப்போகிறது. அந்த வயதும் அந்தக் காலையும் இனி வரப்போவதில்லை.

பிரிந்தபோது விமானம் அவனுக்கு, டிரக் அவளுக்கு என்று முடிவாயிற்று. "கவர்மெண்டுக்குப் போறவளுக்கு ரெக்கை எதுக்கு?" என்றான் வாஸிலி. அன்றிலிருந்து அவளுக்குக் கவர்மெண்டு என்றே பெயர்.

இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் மூஸ் மானின் கொம்புகளை விமானத்தின் மிதவைக் கம்பியில் கட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே இடம் பத்தாது. தனி அனுமதி இல்லாமல் அப்படிக் கட்டக் கூடாது என்பது சட்டம். டெல்லாவின் டிரக் தெரிந்ததும் விமானங்களைக் கட்டும் ஏரித் துறையில் ஒரே ஓட்டம். "கவர்மெண்டு வருது, கொம்பை மூடு!" என்று வாஸிலி கத்துவான், யாராவது தார்ப்பாயை இழுத்துப் போடுவார்கள். டெல்லா மெதுவாக இறங்கி வந்து தார்ப்பாயைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். "இந்தத் தார்ப்பாய்க்குத் தலையில ஏதோ முளைச்சிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா. நான் காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள குணமாகலன்னா கேஸ்தான்." உடனே வாஸிலி கொட்டகைச் சுவரில் தொங்கும் புகைப்படத்தைக் கழற்றிக்கொண்டு வருவான். அதில் இளவயது டெல்லா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் அவளுடைய விமானம், கம்பியில் ஆள் உயரக் கொம்பு. "போடு கேஸு. முதல்ல இந்தப் பொண்ணு மேல போடு." அவள் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாஸிலிக்குச் சோதனை வைக்க இதுவரை வேறு ஆட்கள்தான் வந்தார்கள். அவர்கள் முன்னால் அவன் புது மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்வான். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லித் தொட்டுக் காட்டி, வெண்ணெயில் இறக்குவதுபோல் இறக்குவான். ஆனால் போன வசந்தத்திலிருந்து அவனிடம் சில மாற்றங்களை நான் கவனித்தேன். ஒரு தடவை எரிபொருள் மூடியைத் திருகாமல் கிளம்பினான். ஒரு தடவை ஒரே பயணியை இரண்டு முறை எடை போடச் சொன்னான். வயது அறுபத்தெட்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. டெல்லாவிடம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஆளைப் பார்த்தே எடை சொல்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஆகஸ்டில் சோதனைக்கு அவளே வருவதாகச் சேதி வந்தது. அவள் முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு ஆள் வந்திருப்பான். முதல் நாள் கொட்டகைக்கு வந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"நீ எதுக்கு இதை ஒத்துக்கிட்ட? ஊர் என்ன பேசும்? அவன் ஏற்கெனவே சொல்லிட்டான், ஒரு தடவை தோத்தாலும் விமானத்தை வித்துட்டு ஆத்துல மீன் பிடிக்கப் போயிடுவேன்னு."

டெல்லா பைலட் பிரெட்டின் மேல் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடித்தால் பல் உதிரும் அந்த வட்ட ரொட்டியை எங்கள் பக்கத்தில் சோற்றைப் போலச் சாப்பிடுவோம். "தராசு, வேற எவனாவது வந்தா வாஸ் நல்லா ஓட்டுவான். என்கிட்டதான் தினம் ஓட்டுற மாதிரி ஓட்டுவான். பயணிகளை அவன் அப்படித்தானே ஏத்திட்டுப் போறான்? அதைத்தான் நான் பார்க்கணும்." சொல்லிவிட்டு ரொட்டியைக் கடிக்காமல் கீழே வைத்தாள். "நல்லா ஓட்டிடுவான். ஓட்டிடணும்," என்றாள் மறுபடியும். அவள் குரலில் பயத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் மேகம் உயர்ந்து, காற்று அடங்கி, பறப்பதற்கென்றே செய்த நாள் மாதிரி இருந்தது. வாஸிலி பொத்தான் போடாத சட்டையோடு வந்தான். "என்ன கவர்மெண்டு, உதவி பண்ண வந்தியா?" என்றான். "உன் எடையைச் சொல்லு, அது போதும்," என்றாள் அவள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவன் இடது இருக்கையில், அவள் வலது இருக்கையில். கதவைச் சாத்தும்போது பார்த்தேன், கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன.

மேலே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிறகு ஊர் ஓடுதளத்தில், சரளைக்கல் தரையில், சக்கரத்தை நீட்டி இறங்கினார்கள். மறுபடி கிளம்பி ஏரிக்கு வந்து தண்ணீரில் இறங்கினால் சோதனை முடிந்தது. ஓடுதளத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மேடு மட்டும்தான், ஏறியதும் இறங்க வேண்டும்.

துறையில் நான் நின்றிருந்தேன். பக்கத்தில் ஆக்னஸ். மேலாற்றில் இருக்கும் தன் கிராமத்துக்குப் போக ஒரு வாளி பெர்ரிப் பழத்தோடு காத்திருந்தாள். சோதனை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு வாஸிலி கிளம்புவதாக ஏற்பாடு. மேட்டுக்கு மேலே விமானம் தலை காட்டியது. அழகாகத்தான் வந்தது. தாழத் தாழ வந்தது. அப்போதுதான் மிதவைகளுக்குக் கீழே அந்தக் கறுப்பு உருண்டைகளைப் பார்த்தேன். சக்கரம் மடங்கவில்லை.

ஹெர்மனுடைய விமானமும் இதே மேட்டுக்கு மேலேதான் வந்தது. கொட்டகைக்குள் பாய்ந்து ரேடியோவை எடுத்தேன். பொத்தானை அழுத்துவதற்குள் வெளியே எஞ்சின் உறுமியது. ஓடி வந்து பார்த்தால் விமானம் ஏரியின் தலைக்கு மேலே மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. சக்கரங்கள் மெதுவாக உள்ளே போயின. அடுத்த முறை தண்ணீரில் ஒரு கீறல் போட்டதுபோல் இறங்கிற்று.

துறையை நெருங்கியதும் வாஸிலி வழக்கம்போல் மிதவையின் மேல் குதித்துக் கயிற்றை வீசினான். நான் கட்டினேன். ஆக்னஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பெரிசு, ஏரி பிடிக்கலையா? திரும்பிப் போயிட்டு வந்தே?" என்று சிரித்தாள்.

அந்த நிமிஷத்தில் அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். குறுக்கே வாத்துக் கூட்டம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியது யார் கை என்று கரையிலிருந்து யாருக்குத் தெரியும்? தெரிந்தது இரண்டே பேருக்கு. டெல்லா இறங்கி நின்று கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கைகளும் வெளியே தொங்கின.

"சக்கரத்தை மறந்துட்டேன்," என்றான் வாஸிலி. ஆக்னஸிடம் சொல்லவில்லை, என்னிடமும் இல்லை, ஏரியைப் பார்த்துச் சொன்னான். "ஹெர்மன் கதை ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். அவன் ஒரு தடவை உயிர்க் கோழி கொண்டு போனானே, அந்தக் கதை. பழைய ஞாபகம். சக்கரம் மனசுக்கே வரல. என் கை இல்ல, இவ கைதான் தூக்கிச்சு."

"நானும் சிரிச்சிட்டிருந்தேன் வாஸ்," என்றாள் டெல்லா. "கடைசி நிமிஷம் வரைக்கும் சிரிச்சிட்டிருந்தேன்."

"நீ சிரிக்கலாம். இன்னைக்கு நீ பைலட் இல்ல."

டெல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"வாஸிலி எவான், இன்னைக்கு நீ தேறல. இனிமே ஆளை ஏத்திட்டுப் பறக்கணும்னா மறுபடி பயிற்சி எடுத்து, மறுபடி ஓட்டிக் காட்டணும்." அவள் அவனை முழுப்பெயர் சொல்லி அழைத்து நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"தெரியும்."

"மறுபடியும் நான்தான் வருவேன்."

"மறுபடின்னு ஒண்ணு வந்தா வா," என்றான். விமானத்தின் இறக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். ஆக்னஸை வேறு கம்பெனி விமானத்தில் ஏற்றிவிடும்படி என்னிடம் சொன்னான். ஆக்னஸ் தன் வாளியிலிருந்து ஒரு பிடி பெர்ரியை அள்ளி அவன் கையில் வைத்தாள். அவனுக்கு அதைத் தின்னவும் தெரியவில்லை, கீழே போடவும் தெரியவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுல விட்டுடறேன், ஏறு," என்றாள் டெல்லா. அவன் நடந்தே போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. பெர்ரிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிரக்கின் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினான். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். காலையில் அவள் கொட்டகையில் விட்டுப்போன கோப்பையை நான் ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தபோது வாஸிலி எதிர்க் கண்ணாடியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிவைத்திருந்தான்.

டெல்லாவும் அதைப் பார்த்தாள். அந்த டிரக்கை ஒன்பது வருஷமாக அவள் தனியாகத்தான் ஓட்டுகிறாள், கியரும் அவளேதான் போடுகிறாள். அன்றைக்கு மடியிலிருந்த கோப்பையை வலது கையில் எடுத்துச் சிந்திவிடக் கூடாததைப் பிடிப்பதுபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். இடது கையை ஸ்டியரிங்கில் வைத்தாள். காலால் மிதித்தாள்.

"கிளட்ச்!" என்றாள்.

எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது. அவள் காலை எடுக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய இடது கை தொடைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்து கியரைப் பிடித்தது. கரகரப்பே இல்லாமல் விழுந்தது. பள்ளத்தில் ஏறி இறங்கி டிரக் வளைவில் மறையும்வரை அவள் அந்தக் கோப்பையைத் தாழ்த்தவில்லை. அதில் ஒரு சொட்டுக் காப்பி கிடையாது. கழுவிக் கொடுத்தவன் நான்தானே.